டைலைத் தட்டினால் வெற்றுச் சத்தம்: தரை போடுவது பற்றி வாசகர் கேள்வி – பதில்

கடையில் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து டைல் வாங்குகிறோம். கடிதங்களில் வரும் தொல்லைகளோ பெரும்பாலும் அந்த டைலுக்கு அடியில் இருக்கின்றன. அதனால் இந்த முறை சாந்து, பசை, இடைவெளி என்று கண்ணுக்குத் தெரியாத சங்கதிகளுக்கே அதிக இடம்.

சேலம் வாசகர்: முதல் மாடி கட்டி நான்கு வருடம் ஆகிறது. ஹால் 16க்கு 12 அடி. 2க்கு 2 விட்ரிஃபைடு டைல், இடைவெளி விடாமல் ஒட்டி ஒட்டிப் போட்டது. மார்கழியில் ஒருநாள் விடியற்காலை ‘டமார்’ என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஹால் நடுவில் இரண்டு வரிசை டைல் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கிறது. “பனிக்கு இப்படி ஆகும், அதே மாதிரி சாந்து போட்டு உட்கார வைத்துவிடலாம்” என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

அதே மாதிரி போட்டால் அதே மாதிரி எழும்பும். பனி கடைசியில் வந்து தள்ளியது, அவ்வளவுதான். நெருக்கடி நான்கு வருடமாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

காங்கிரீட் தளம் காயக் காயச் சுருங்கும். மீட்டருக்கு 0.3 முதல் 0.5 மி.மீ. வரை சுருங்குவது சாதாரணம். உங்கள் ஹாலின் 16 அடி நீளத்துக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை முதல் இரண்டரை மி.மீ. மேலே கிடக்கும் விட்ரிஃபைடு டைல் 1200 டிகிரி சூட்டில் வெந்தது. அது சுருங்காது. கீழே தளம் சுருங்க, மேலே டைல்கள் ஒன்றையொன்று நெருக்க, நாலு பக்கமும் சுவர் முட்டிக்கொண்டிருக்கும்போது டைலுக்குப் போக வேறு வழி இல்லை. இரண்டு மி.மீ. என்ன பெரிதா என்று தோன்றும். 60 செ.மீ. டைல் இரண்டை முனையோடு முனை சேர்த்து வைத்து, இரு பக்கமிருந்தும் மொத்தம் 2 மி.மீ. நெருக்கினால் நடுமுனை ஏறத்தாழ 35 மி.மீ. எழும்பும். கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். நீங்கள் பார்த்த கூடாரம் அதுதான். விடியற்காலைக் குளிரில் தளம் இன்னும் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும்.

பிடிப்பு நன்றாக இருந்திருந்தால் இந்த நெருக்கத்தை டைல் தாங்கியிருக்கும். அடுத்த தவறு அங்கே. எழும்பிய டைல் ஒன்றைக் கையுறை போட்டு எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முதுகு சுத்தமாக, ஒரு பொட்டுச் சாந்து இல்லாமல் வந்திருந்தால் காரணம் தெளிவு. விட்ரிஃபைடு டைல் தண்ணீர் உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்கும் குறைவு. மண் ஓடோ செராமிக் டைலோ சிமென்ட் பாலைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும். இது குடிக்காது. போதாக்குறைக்குச் சூளையில் உருளைகளில் ஒட்டாமல் இருக்க அடியில் பூசிய வெள்ளை மாவும் அப்படியே இருக்கும். புது டைலின் முதுகில் விரலைத் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். அதை ஈரத் துணியால் துடைக்காமல் போட்டால் டைல் அந்த மாவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது. முதலில், எழும்பிய வரிசையைக் காலால் மிதித்து அழுத்தாதீர்கள், உடைந்து சிதறும். கண்ணாடி அணிந்து அவற்றைக் கழற்றிவிட்டால் நெருக்கம் தளரும். பிறகு 10 ரூபாய் நாணயத்தாலோ மரக்கட்டையாலோ மீதித் தரை முழுவதும் தட்டிப் பாருங்கள். நல்ல பிடிப்புள்ள டைல் ‘டிக்’ என்று கெட்டியாகச் சொல்லும். பிடிப்பு விட்டது வெற்றுப் பானை மாதிரி ‘டொக்’ என்று சொல்லும். ‘டொக்’ சொன்ன டைல்களில் சாக்பீஸால் குறி போடுங்கள். ஒரு மூலையில் மட்டும் வெற்றுச் சத்தம் வந்தால் பயம் இல்லை. ஹாலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறி விழுந்தால் முழு ஹாலையும் எடுத்துவிடுவதுதான் எங்கள் யோசனை. அரைகுறையாகச் செய்தால் அடுத்த மார்கழியில் பக்கத்து வரிசை கிளம்பும்.

திரும்பப் போடும்போது பழைய சாந்துப் படுகை கெட்டியாக இருந்தால் மேலே உதிர்வதைச் சுரண்டி, 6 அடி மட்டக்கோல் வைத்துப் பார்த்து, பள்ளத்தை நிரப்பி, அதன்மேல் டைல் பசையால் ஒட்டுங்கள். படுகை பொடிப்பொடியாக வந்தால் தளம் வரை எடுத்து, 1:4 சிமென்ட் – மணல் கலவையில் மட்டப்படுத்தி, ஒரு வாரம் தண்ணீர் விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பசை. பசைப் பையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணும் அதன் கீழே டைப் எண்ணும் இருக்கும். விட்ரிஃபைடு டைலுக்கு டைப் 2 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். டைப் 1 செராமிக்குக்கானது. 20 கிலோ பை, 3 மி.மீ. கனத்தில் 50 சதுர அடிக்கு வரும். டைல் முதுகிலும் ஒரு மெல்லிய பூச்சு தர வேண்டும், அப்போது 40 சதுர அடிதான் வரும். உங்கள் ஹாலுக்கு 5 பை.

பசையைப் பல் வைத்த கரண்டியால், 10 மி.மீ. பல், ஒரே திசையில் வரி வரியாக இழுக்க வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்துவதை அனுமதிக்காதீர்கள். உருண்டைகளுக்கு இடையில் இருப்பதெல்லாம் காற்று, கனமான பாத்திரம் விழுந்தால் உடைவது அங்கேதான். முதல் நாலைந்து டைல் வைத்ததும் ஒன்றைப் பெயர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகில் நூற்றுக்கு எண்பது பங்காவது பசை பரவியிருக்க வேண்டும். கலந்த பசை இறுகினால் தண்ணீர் ஊற்றி இளக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும். சித்திரை வெயிலில் தரையில் இழுத்த பசை கால் மணி நேரத்தில் தோல் கட்டிவிடும். விரலால் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் சுரண்டி எடுத்துப் புதிதாக இழுக்க வேண்டும்.

இனி இடைவெளி. டைலுக்கும் டைலுக்கும் குறைந்தது 2 மி.மீ. ஸ்பேசர். சுவரோரம் நாலு பக்கமும் 6 முதல் 8 மி.மீ. விட்டு அதில் சாந்து போகாமல் தெர்மாகோல் பட்டை செருகுங்கள். சுவரடியில் ஒட்டும் டைல் பட்டை, அதாவது ஸ்கர்ட்டிங், அதை மறைத்துவிடும். அறைக்கும் அறைக்கும் நடுவே நிலைப்படியில் வரும் ஜாயின்டில் சிமென்ட் கிரவுட் (சந்தை நிரப்பும் கலவை) போடாமல் அதே நிறத்தில் சிலிகான் அல்லது பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். நீண்ட ஹாலில் 20 அடிக்கு ஒன்று, வெயில் படும் பால்கனியிலும் மொட்டை மாடியிலும் 8 முதல் 10 அடிக்கு ஒன்று என்று இந்த இளகிய ஜாயின்ட் இருக்க வேண்டும். ‘ஜாயின்ட் தெரியாமல் போட்டுத் தருகிறேன்’ என்று சொல்பவரிடம் இதை எடுத்துச் சொல்லி, ஒப்புக்கொண்டால் வேலை கொடுங்கள்.

மதுரை வாசகி: புது வீட்டில் ஹால் 16க்கு 14, இரண்டு படுக்கையறை 11க்கு 10, சமையலறை 10க்கு 8. எத்தனை பெட்டி வாங்க வேண்டும்? டபுள் சார்ஜ், ஜி.வி.டி. என்கிறார்கள். எது நல்லது?

கூட்டினால் 224, 220, 80 ஆக 524 சதுர அடி. 2க்கு 2 டைல் பெட்டியில் 4 இருக்கும், 15.5 சதுர அடி. தரைக்கு 34 பெட்டி. வெட்டிலும் உடைசலிலும் போவது 5 சதவீதம், 2 பெட்டி. ஸ்கர்ட்டிங்குக்குக் கதவுகளைக் கழித்தால் சுமார் 160 அடி ஓடும். ஒரு டைலில் 4 அங்குலப் பட்டை 5 வெட்டலாம், பட்டை 2 அடி நீளம் என்றால் 16 டைல், அதாவது 4 பெட்டி. பிரிக்காமல் பரண்மேல் வைக்க ஒரு பெட்டி. ஆக 41. டைலைக் கோணலாகப் போடுவதாக இருந்தால் வெட்டுச் சேதம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பரண்மேல் வைக்கும் அந்த ஒரு பெட்டியை வேண்டாம் என்று மிச்சம் பிடிக்காதீர்கள். மூன்று வருடம் கழித்துக் குழாய் ரிப்பேருக்கு ஒரு டைலை உடைத்தால் அதே நிறம் சந்தையில் கிடைக்காது. நம் கடைகளுக்கு வரும் டைலில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. அங்கே ஒவ்வொரு சூளை ஓட்டத்துக்கும் நிறம் ஒரு இழை மாறும். பெட்டியின் பக்கத்தில் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் அச்சிட்டிருக்கும். 41 பெட்டியிலும் அவை ஒன்றாக இருக்கின்றனவா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். போட்ட பிறகு கடைக்காரர் மாற்றித் தரமாட்டார்.

டபுள் சார்ஜில் மேல் 3, 4 மி.மீ. கனத்துக்கு நிறம் டைலுக்குள்ளேயே இருக்கும். கட்டில் காலை இழுத்துக் கீறல் விழுந்தாலும் உள்நிறம் எட்டிப் பார்க்காது. ஆனால் டிசைன் குறைவு. ஜி.வி.டி. என்பது மேலே அச்சிட்டு மெருகு பூசியது. மார்பிள், மரம் என்று எந்த உருவமும் வரும், ஆழமாகக் கீறினால் அடி நிறம் தெரியும். ஹாலுக்கு டபுள் சார்ஜ், படுக்கையறைக்குப் பளபளப்பில்லாத மேட் ஜி.வி.டி. என்று பிரித்துக்கொள்ளலாம். சமையலறைக்குப் பளபளப்பு வேண்டவே வேண்டாம். கடையில் டைல் முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் விட்ரிஃபைடு, ஊறிக் கறுத்தால் செராமிக். இரண்டு டைலை முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து ஓரமாகப் பாருங்கள். விளிம்பில் சந்து தெரிந்தால் டைல் வளைந்திருக்கிறது. மரப்பலகை மாதிரி வரும் 4 அடி நீள டைலில் இந்த வளைவு கொஞ்சமாவது இருக்கும். அதனால் அதைச் செங்கல் மாதிரி பாதிக்குப் பாதி மாற்றிப் போடக் கூடாது, மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளிப் போட வேண்டும். இல்லையென்றால் ஒன்றின் மேட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்றின் பள்ளம் வந்து கால் இடறும்.

கோவை வாசகி: பூஜை அறைக்கும் திண்ணைக்கும் ஆத்தங்குடிக் கல் போட ஆசை. 100 சதுர அடி வரும். டைல்ஸ் போடுகிறவரே போட்டுவிடுவாரா? பாலிஷ் போட வேண்டுமா?

ஆசைப்பட வேண்டிய தரைதான். ஆனால் அதை டைல் என்று நினைத்துக் கையாண்டால் பாழாகும். அது சூளையில் சுட்டதல்ல, சிமென்ட். கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டம் வைத்து, பூக்கோல அச்சின் ஒவ்வொரு அறையிலும் நிறச் சிமென்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி, மேலே சாந்து நிரப்பி மட்டப்படுத்துகிறார்கள். காய்ந்து, தண்ணீரில் ஊறி எழும்போது கண்ணாடி கழன்றுவிடும். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு. நிறம் மேலே சில மி.மீ. மட்டுமே.

இதிலிருந்தே மற்றவை புரியும். பாலிஷ் மிஷின் வைக்காதீர்கள், பூ தேய்ந்து போகும். வேலை முடிந்து ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை முன்கூட்டியே தடுத்துவிடுங்கள், ஆசிட் சிமென்டைத் தின்னும். எலுமிச்சையும் புளியும்கூட மெல்லத் தின்னும், அதனால் சமையலறைக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். கைவேலை என்பதால் கல்லுக்குக் கல் கனம் மாறும். 3 மி.மீ. பசையில் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட முடியாது. ஒன்றரை அங்குலச் சாந்துப் படுகையே சரி. 100 சதுர அடிக்கு 1:5 கலவையில், மேலே ஊற்றும் சிமென்ட் பாலையும் சேர்த்து, 3 மூட்டை சிமென்ட், 14 கன அடி மணல். 10 அங்குலக் கல் என்றால் 144 பிடிக்கும், 160 சொல்லுங்கள். 8 அங்குலம் என்றால் 225, சொல்ல வேண்டியது 250.

போடுகிறவரிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கல் முகத்தில் சிமென்ட் பால் பட்டால் அந்த நிமிடமே ஈரத் துணியால் துடைக்க வேண்டும். காய்ந்தால் கறை போகாது. சுத்தியலால் தட்டாமல் கையால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். முடிந்ததும் மரத்தூளைப் போட்டுத் தேய்த்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை. பிறகு தினமும் வெறும் தண்ணீரில் துடைத்தாலே போதும், செட்டிநாட்டு வீடுகளில் நடந்து நடந்துதான் அந்த மெருகு ஏறியிருக்கிறது.

நாகர்கோவில் வாசகர்: அம்மாவுக்கு 74 வயது. குளியலறை 7க்கு 5 அடி. பளபள டைல், வழுக்குகிறது. மூலையில் தண்ணீர் தேங்குகிறது. மேலே பாய் போட்டால் போதுமா?

பாய்க்கு அடியில் பாசி பிடிக்கும், அதுவே வழுக்கும். தரையை மாற்றிவிடுங்கள், இதைத் தள்ளிப் போடாதீர்கள். தேங்குவதற்குக் காரணம் வாட்டம் (சரிவு) இல்லாதது. 80க்கு 1 முதல் 100க்கு 1 வரை வாட்டம் வேண்டும், 7 அடிக்கு ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டைலில் நாலு பக்க வாட்டம் எடுக்க முடியாது. 1க்கு 1 அடி, மேட், பெட்டியில் ஆர் 11 என்று வழுக்காத தன்மைக்கான குறி போட்டிருப்பதை வாங்குங்கள். சின்ன டைலில் ஜாயின்ட் அதிகம், பாதத்துக்கு அதுவும் ஒரு பிடிமானம்.

உடைத்த பிறகு நேரே டைல் போடாதீர்கள். குழாய் நுழையும் இடங்களை அடைத்து, வாட்டர்புரூஃப் பூச்சை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கோட், சுவரில் ஒரு அடி உயரம் வரை, ஷவர் பக்கம் ஆள் உயரம் வரை அடிக்க வேண்டும். காய்ந்ததும் வடிகாலை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரம் வருகிறதா என்று பாருங்கள். டைல் போட்டு முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரம் ஊற்றுங்கள். முழுதும் வடிகாலுக்குப் போன பிறகுதான் கூலியை முடியுங்கள். வாசலில் படி உயரமாக வேண்டாம், குளியலறைத் தரை அரை அங்குலம் தாழ்ந்தால் போதும், அம்மாவுக்குக் கால் தட்டாது. வேலையோடு வேலையாக, டைல் ஒட்டும் முன்பே, கைப்பிடிக் கம்பிக்குச் சுவரில் ஆங்கர் போடும் இடத்தையும் குறித்துவிடுங்கள்.

சென்னை வாசகர்: 30 வருட அடுக்குமாடி வீடு. பழைய மொசைக் தரையை உடைக்காமல் மேலேயே டைல் ஒட்டலாமா?

மொசைக்கைத் தட்டிப் பார்த்தால் கெட்டியாக இருக்கிறது, விரிசல் இல்லை என்றால் ஒட்டலாம். உடைக்கும் சத்தம், குப்பை, கீழ்வீட்டுச் சண்டை எல்லாம் மிச்சம். ஆனால் வருடக்கணக்கில் ஏறிய மெழுகின் மேல் எந்தப் பசையும் நிற்காது. கிரைண்டரில் மேல்தோலைச் சொரசொரப்பாக்கி, தூசியை வேக்குவமில் எடுத்து, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பசைப் பையில் ‘பழைய தரை மேல் ஒட்ட’ என்று அச்சிட்டிருப்பதையே வாங்குங்கள். தரை 12, 13 மி.மீ. உயரும். கதவுகளைக் கழற்றி அடியில் அறுக்க வேண்டும், பால்கனிக் கதவின் தண்டவாளத்தைத் தரை மூடிவிடுமா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள். எடை சதுர மீட்டருக்கு டைல் 21 கிலோ, பசை 5 கிலோ. ஒரு அடுக்குக்கு இது பெரிய சுமை இல்லை. ஏற்கெனவே ஒரு முறை மேலே ஒட்டிய தரையாக இருந்தால் மட்டும் மூன்றாவது அடுக்கு வேண்டாம்.

திருச்சி வாசகர்: தரைத்தளப் படுக்கையறையில் மரத்தரை மாதிரி லேமினேட் போடலாமா? சுவரில் ஓதம் உண்டு.

லேமினேட் வேண்டாம். அது மரநாரை அழுத்திச் செய்தது, ஈரத்தில் ஊதும், கரையானும் வரும். அதே மரத்தோற்றத்தில் வரும் எஸ்.பி.சி. பலகை கல்பொடியும் பி.வி.சி.யும் சேர்ந்தது, ஊதாது. ஆனாலும் தரையிலிருந்து ஓதம் ஏறினால் அடியில் நாற்றம் எடுக்கும். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தாலோ தரை கறுத்தாலோ முதலில் ஓதத்துக்கு வைத்தியம், அதுவரை டைல்தான். வியர்க்கவில்லை என்றால் எஸ்.பி.சி. போடலாம். தரை 6 அடிக்கு 3 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது, பலகைகளின் பூட்டு விட்டுப்போகும். சுவரோரம் 8 மி.மீ. விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறையுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: சமையலறை டைல் ஜாயின்ட் கறுத்துவிட்டது. ஆசிட் ஊற்றலாமா?

கூடாது. ஜாயின்டில் இருப்பது சிமென்ட், ஆசிட் அதைக் கரைத்துக் குழியாக்கும், குழியில் இன்னும் அழுக்கு சேரும். சோப்புப் பொடியும் பழைய பல் துலக்கும் பிரஷும் வைத்துத் தேய்த்துப் போகவில்லை என்றால் பழைய கிரவுட்டை டைல் கனத்தில் பாதிக்கு மேல் சுரண்டி எடுத்து எபாக்சி கிரவுட் நிரப்பச் சொல்லுங்கள். ஜாயின்ட் 2 மி.மீ.யாவது அகலம் இருந்தால்தான் அது உள்ளே இறங்கும். மூன்று பொருள் கலப்பது, கலந்ததும் சீக்கிரம் இறுகும். அதனால் ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி மட்டும் கலந்து, அரை மணிக்குள் ஈர ஸ்பாஞ்சால் டைல் முகத்தைத் துடைத்துவிட வேண்டும், விட்டால் மங்கலான படலம் காய்ந்து கல்லாகும். முதலில் சிங்குக்குக் கீழே நாலு டைலில் செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். அன்று சமையலை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.